தீவில் எலி ஒழிப்பு: மருந்துப் பெட்டி வைப்பவனின் கைக்குறிப்பு

வயலில் நூறு எலியில் தொண்ணூறைக் கொன்றால் விளைச்சல் தப்பிவிடும். பறவைகளைக் காக்க எலியை அடியோடு ஒழிக்கும் தீவில் அந்தக் கணக்கு செல்லாது. ஒரு சினை எலி மிஞ்சினாலே செலவழித்த பணமும் பட்ட பாடும் வீண். தென் பசிபிக்கில் இருக்கும் ஹெண்டர்சன் தீவில் 2011இல் ஹெலிகாப்டரில் போய் மருந்து தூவினார்கள். அறுபது முதல் எண்பது எலிகள் பிழைத்திருக்கும் என்று பிற்பாடு மரபணுவை வைத்துக் கணித்தார்கள். தீவு மறுபடியும் எலிகளின் கைக்குப் போய்விட்டது.

நான் கையால் எலிமருந்துப் பெட்டி வைத்து வேலை கற்றவன். ஹெலிகாப்டர் வேலையில் கீழே நின்று மூட்டை ஏற்றியிருக்கிறேன், அவ்வளவுதான். அதனால் நான் சொல்வதில் தரை வேலை தூக்கலாக இருக்கும்.

தொடங்குமுன் மூன்று கேள்விக்கு விடை வேண்டும். ஒவ்வொரு எலியின் நடமாட்ட எல்லைக்குள்ளும் மருந்தைக் கொண்டுசேர்க்க முடியுமா? குட்டி போடும் வேகத்தைவிடக் கொல்லும் வேகம் அதிகமா? எலி திரும்ப வராமல் தடுக்க முடியுமா? ஒன்றுக்கு ‘இல்லை’ வந்தாலும் மருந்து மூட்டையைப் பிரிக்காதீர்கள். மூன்றாவது கேள்வியைத்தான் எல்லோரும் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். நியூசிலாந்தில் 2004இல் ஆராய்ச்சிக்காக ஒரே ஒரு நார்வே எலியை (பழுப்பு எலி), கழுத்தில் ரேடியோ பட்டை கட்டி, எலியில்லாத சின்னத் தீவில் விட்டார்கள். அது பொறிகளுக்கெல்லாம் தண்ணி காட்டிவிட்டு, 400 மீட்டர் கடலை நீந்தி அடுத்த தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. பிடிக்க 18 வாரம் ஆயிற்று. எங்கே இருக்கிறதென்று ரேடியோ சொல்லியுமே இந்தப் பாடு!

எந்த எலி என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். கப்பல் எலி மரமேறி; நார்வே எலி வளை தோண்டும், நன்றாக நீந்தும். பெட்டி வைக்கும் இடமும் கரைக்காவலும் இதைப் பொறுத்தே மாறும். எந்த வகை என்று பார்ப்பதற்காகப் பிடித்த எலிகளின் வால் நுனியை வெட்டி ஆல்கஹாலில் போட்டு வையுங்கள். இரண்டு வருடம் கழித்து ஒரு எலி தலைகாட்டினால், அது பிழைத்ததன் வாரிசா, படகில் வந்த புதுசா என்று மரபணு சொல்லிவிடும். வால் நுனி இல்லாவிட்டால் மருந்து வைத்தவரும் படகுக்காரரும் ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

மருந்து பெரும்பாலும் புரோடிஃபாக்கூம். தானிய மாவு வில்லையில் பத்து லட்சத்துக்கு 20, 25 பங்குதான் சேர்க்கிறார்கள். சட்டென்று கொல்லும் விஷம் இங்கே உதவாது. எலி புதுச் சாப்பாட்டைக் கொஞ்சம் கொறித்துப் பார்க்கும். வயிறு வலித்தால் அந்தப் பக்கமே திரும்பாது. புரோடிஃபாக்கூம் வைட்டமின் கே சுழற்சியைக் கெடுத்து இரத்தம் உறையாமல் செய்வது. சாக நாலைந்து நாளோ ஒரு வாரமோ ஆகும். அதற்குள் வேண்டிய மட்டும் தின்றிருக்கும். எதனால் உடம்பு கெட்டது என்று அதற்குப் பிடிபடாது. மனிதருக்கும் நாய்க்கும் முறிவு மருந்து வைட்டமின் கே1. அது முகாமில் இல்லாமல் வேலை தொடங்கக்கூடாது. அரசு அனுமதியும் அப்படியே.

காலம்? எலி பட்டினி கிடக்கும் காலம். குளிர்த் தீவுகளில் குளிர்காலம்: குட்டி போடுவதும் குறைவு, கடற்பறவைகளில் பலவும் ஊரில் இருக்காது. வெப்பத் தீவுகளில் அப்படியொரு வசதி இல்லை, எலி வருடம் முழுக்கக் குட்டி போடும். நண்டுத் தொல்லை வேறு. இந்த மருந்து நண்டை ஒன்றும் செய்யாது, எலிக்கு வைத்ததை நண்டு தின்று தீர்த்துவிடும். பசிபிக் கடலின் பல்மைரா பவளத்தீவில் 2011இல் இரண்டு தலைவலியும் இருந்தன. தென்னங்கொண்டையில் குடியிருந்த எலிகளுக்காக மரத்தின் மேலேயும் மருந்து வைத்தார்கள்.

இனி பெட்டி. 50 மீட்டருக்கு ஒன்றாகத் தீவு முழுக்கக் கட்டம் போடுங்கள். சுண்டெலியும் இருந்தால் இன்னும் நெருக்கம், 10 முதல் 25 மீட்டர். பால் கொடுக்கும் தாய் எலி வளையை விட்டு அதிகம் நகராது. அதை நினைத்துத்தான் இடைவெளியை முடிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் எண். சில வாரம் வெறும் பெட்டியாகவே கிடக்கட்டும், எலிக்குப் பழகட்டும். பாறைச் சரிவில் கயிறு கட்டி இறங்கித்தான் வைக்க வேண்டும். “அங்கே எலி இருக்காது” என்ற பேச்சை முகாமிலேயே தடை செய்துவிடலாம். இருக்கிறது.

பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் எத்தனை கட்டி குறைந்தது, பல் தடம் யாருடையது என்று எழுதுங்கள். எலியின் இரட்டைப் பல் கோடு வேறு, நண்டு பிய்த்தது வேறு. முதல் வாரம் மருந்து மளமளவென்று குறையும், பிறகு அந்த வேகம் படுத்துவிடும். எல்லாப் பெட்டியும் அடங்கிய பிறகு ஒரு மூலையில் மட்டும் கடி விழும் பாருங்கள், உண்மையான வேலை அங்கேதான் ஆரம்பம். அந்த இடத்தில் பெட்டியை நெருக்குங்கள், மருந்தின் வகையை மாற்றுங்கள், பொறி வையுங்கள். வேர்க்கடலை வெண்ணெயோ சாக்லேட்டோ கலந்த மெழுகுக் கட்டியைக் கடிக்கிறதா என்று பாருங்கள். பெட்டிக்குள் நுழையவே நுழையாத எலியும் உண்டு. அதற்குப் பெட்டிக்கு வெளியில்தான் வழி தேட வேண்டும்.

பெரிய தீவானால் ஹெலிகாப்டர்தான். நியூசிலாந்தின் கேம்பெல் தீவில் 2001இல் 11,300 ஹெக்டேருக்கு 120 டன் போட்டார்கள். தெற்கு அட்லாண்டிக் கடலில் இருக்கும் தெற்கு ஜார்ஜியா தீவைப் பனியாறுகள் பிரித்துவைத்திருந்ததால் 2011, 2013, 2015 என்று பகுதி பகுதியாக முடித்தார்கள். மருந்து சுமார் 300 டன். எலியில்லை என்று அறிவித்தது 2018இல். ஹெலிகாப்டர் மருந்து தூவிப் போகும் பட்டைகள் பாதிக்குப் பாதி ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். செங்குத்துச் சரிவு வரைபடத்தில் சின்னதாகத் தெரியும், தரையில் பரப்பு அதிகம். அங்கே கூடுதலாகத் தூவுங்கள். முதல் தடவை வளைக்குள் பால் குடித்துக்கொண்டிருந்த குட்டிகள் வெளியே வருவதற்காக, இரண்டு மூன்று வாரம் கழித்து இரண்டாவது தடவை.

மற்ற உயிர்களைக் காப்பதற்கும் பட்ஜெட்டில் இடம் வேண்டும். அலாஸ்காவின் ஹவாடாக்ஸ் தீவில் 2008இல் எலி ஒழிந்தது. கூடவே 40க்கும் மேற்பட்ட வெண்தலைக் கழுகுகளும் 300க்கும் மேற்பட்ட கடற்காகங்களும் செத்துக் கிடந்தன. ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹவ் தீவில் 2019இல் மருந்து வைக்குமுன், அங்கு மட்டுமே வாழும் வுட்ஹென் பறவைகளைப் பிடித்துக் கூண்டில் வைத்துக் காப்பாற்றினார்கள். ஆள் குடியிருக்கும் தீவு அது. பரண், கோழிக்கூடு, குப்பைத்தொட்டி வரை போக வேண்டியிருந்தது.

பிறகு, எலி மிஞ்சவில்லை என்று உறுதிசெய்ய இரண்டு வருடக் காத்திருப்பு. மெழுகுக் கட்டி, கால்தடம் பதிய மை தடவிய சுரங்கப் பெட்டி, தானியங்கி கேமரா, மோப்ப நாய் எல்லாம் வேண்டும். நன்கொடையாளர்கள் ஆறாம் மாதமே வெற்றி அறிக்கை கேட்பார்கள், கொடுக்காதீர்கள்.

அதோடு கரைக்காவல். கரை சேரும் மூட்டையை மூடிய அறையில் வைத்துத்தான் பிரிக்க வேண்டும். படகிலும் துறையிலும் நிரந்தரப் பெட்டிகள் இருக்க வேண்டும். லார்ட் ஹவ் தீவில் 2021இல் ஒரு ஆண் எலியும் சினைப் பெண் எலியும் கண்ணில் பட்டன; அக்கம்பக்கத்தில் மறுபடி பெட்டியும் பொறியும் வைக்க வேண்டியதாயிற்று. “எலி மாதிரி ஏதோ ஓடியது” என்று ஒரு சின்னப் பிள்ளை சொன்னாலும் அன்று மாலைக்குள் அந்த இடத்தைச் சுற்றிப் பொறி இருக்க வேண்டும். அதற்கான பொறி, மருந்து, கேமரா எல்லாம் தீவிலேயே, சாவி யாரிடம் என்று எல்லோருக்கும் தெரிந்த ஒரு அறையில் இருக்கட்டும்.