படத்தில் இருப்பது எந்தக் காலத்து அமெரிக்கச் சிப்பாய்? சீருடையை வைத்து ஆண்டைக் கணிக்கும் வழி

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள்: படத்தில் இருக்கும் பொருள்களில் எது கடைசியாக வழக்கத்துக்கு வந்ததோ, அதுதான் ஆண்டைச் சொல்லும். பழைய பொருள்களை நம்பினால் ஏமாந்துபோவீர்கள். அமெரிக்க ராணுவம் கிடங்கில் இருப்பதைத் தீர்க்காமல் புதியதைக் கொடுத்துவிடாது. இரண்டாம் உலகப் போரில் பரவலாக அணிந்த எம்1 ஹெல்மெட் 1941-லேயே ஏற்கப்பட்டது. ஆனால் அதற்குப் பிறகும் பிலிப்பைன்ஸில் போரிட்டவர்கள் தலையில் கவிழ்த்த தட்டுப் போன்ற, முதல் உலகப் போர்க்காலத்துப் பழைய ஹெல்மெட்தான் இருந்தது. தலையை மட்டும் பார்த்து '1918' என்று எழுதுபவர்கள் சறுக்குவது இங்கேதான்.

உள்நாட்டுப் போர்க்காலத்து (1861–65) தகரத் தட்டுப் படம் (மெல்லிய இரும்புத் தகட்டில் நேரடியாக எடுத்தது) என்றால், இடுப்பு பெல்ட்டின் முட்டை வடிவப் பித்தளைத் தகட்டை உருப்பெருக்கியில் பாருங்கள். அதில் 'யு.எஸ்.' என்ற எழுத்துகள் தலைகீழ் வரிசையில், கண்ணாடியில் தெரிவதுபோல இருந்தால் படமே இடவலம் மாறியது. அந்த முறையில் எடுத்த படங்கள் அப்படித்தான் வரும். அதைத் திருப்பி வைத்துக்கொண்டு, பிறகு துப்பாக்கி எந்தத் தோளில் என்று பேசுங்கள். அக்காலப் புகைப்படத் தகடுகள் நீலத்தை வெளிறச் செய்யும், மஞ்சளைக் கருக்கும். வடபகுதிப் படையின் வெளிர்நீலக் கால்சட்டை கிட்டத்தட்ட வெள்ளையாகவும், குதிரைப்படையின் மஞ்சள் கரை கறுப்பாகவும் தெரியும்.

சட்டைக் கையில் இருக்கும் பதவிப் பட்டைகளின் முனை கீழ்நோக்கி இருந்தால் பெரும்பாலும் 1902-க்கு முந்தைய படம். அந்த ஆண்டு விதிகள் அதை மேல்நோக்கித் திருப்பின. நீலம் போய் மங்கிய பச்சைப் பழுப்பு நிறம் களச் சீருடைக்கு வந்ததும் அதே விதிகளால்தான்.

அடுத்து காலர். கழுத்தைச் சுற்றி நிமிர்ந்து நிற்கும் காலர் என்றால் 1926-க்கு முன். அந்த ஆண்டில்தான் மடிப்புக் காலரும் டையும் வந்தன. முதல் உலகப் போர்ப் படங்களில் கையை விடாமல் கவனியுங்கள். இடது கையின் கீழ்ப்பகுதியில் உள்ள ஒவ்வொரு 'வி' பட்டையும் கடல்கடந்து செய்த 6 மாதச் சேவை. வலது கையில் இருந்தால் காயம். இடது கையின் மேற்பகுதியில் ஒரு பட்டை தனியாக, முனை மேல்நோக்கி இருந்தால் அது சிவப்பு. ஆள் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டுவிட்டார். ஊர் திரும்பி ஸ்டுடியோவில் எடுத்த படம் அது. தோளில் படைப்பிரிவுச் சின்னம் இருந்தால் 1918 இலையுதிர்காலத்துக்கு முன்னால் போகவே வேண்டாம்.

இரண்டாம் உலகப் போருக்குக் கால்தான் சாட்சி. பக்கவாட்டில் கயிறு கட்டிய கேன்வாஸ் கால் உறை போரின் முன்பாதியில் சாதாரணம். மேலே இரண்டு பக்கிள் வைத்த தோல் பட்டையோடு உயர்ந்த பூட்ஸ் என்றால் 1943 மாதிரி (மாடல்). அது வீரர்கள் கைக்குப் பரவலாகப் போய்ச் சேர 1944 ஆனது. ஜாக்கெட்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்: குட்டையாக, வெளிர்நிறத்தில், ஜிப்பும் பொத்தானுமாக இருந்தால் 1941 மாதிரி; நீளமாக, நான்கு பெரிய பைகளோடு, கரும்பச்சையில், பொத்தான் மட்டும் என்றால் 1943 மாதிரி. நீளமான நாற்பை ஜாக்கெட்டில் ஜிப் கண்டால் 1951 மாதிரிக்கு வந்துவிட்டீர்கள். மணிக்கட்டில் வெல்க்ரோ, காலருக்குள் சுருட்டி வைத்த தொப்பி இரண்டும் இருந்தால் 1965 மாதிரி. பெயரில் 1965 இருப்பதால் படம் வியட்நாம் காலம்தான் என்று முடிவுகட்டாதீர்கள். இதே ஜாக்கெட் பல பத்தாண்டுகள் ஓடியது.

தோட்டா பெல்ட்டிலும் இதே பொறிதான். பத்துப் பை கொண்ட பெல்ட் இரண்டு உலகப் போர்களிலும் உண்டு. பழைய ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கிக்குப் பைக்கு 5 தோட்டாக் கிளிப் இரண்டு, ஆக 100. அதற்குப் பின் வந்த காரண்டு துப்பாக்கிக்குப் பைக்கு 8 தோட்டாக் கிளிப் ஒன்று, ஆக 80. எனவே பெல்ட்டை விட்டுவிட்டுத் துப்பாக்கியைப் பாருங்கள்.

வியட்நாம் படங்களில் நெஞ்சுப் பட்டையின் நிறம் உதவும். வெள்ளைத் துணியில் கறுப்புப் பெயரும், கறுப்பில் பொன்னிற 'யு.எஸ். ஆர்மி'யும் ஆரம்ப ஆண்டுகள். 1966 முதல் பச்சையில் கறுப்பாக மங்கின, மாற்றம் மெதுவாகவே பரவியது. அதற்குப் பிந்தையவை சுலபம்: காட்டு உருமறைப்புச் சீருடை 1981 முதல், கெவ்லார் என்ற வலுவான செயற்கை இழையாலான ஹெல்மெட்டின் முதல் போர் 1983-ல் கிரெனடா, சாம்பல் நிறச் சிறு கட்டங்களாலான உருமறைப்பு 2005-ஐ ஒட்டித் தொடங்கி 2019 செப்டம்பர் 30 வரை.

பொருள் கையிலேயே இருந்தால் வேலை இன்னும் எளிது. 1910 மாதிரித் தண்ணீர்க் குடுவையைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். தயாரித்த ஆண்டு பொறித்திருக்கும், அது 1943 ஆகவும் இருக்கலாம். மாதிரி ஆண்டு வேறு, தயாரித்த ஆண்டு வேறு. வியட்நாம் காலத் துணியில் உள்பக்க லேபிளில் 'டிஎஸ்ஏ 100-67-சி' என்பதுபோல ஒப்பந்த எண் இருக்கும். 'டிஎஸ்ஏ' என்பது ராணுவத்துக்குப் பொருள் வாங்கித் தந்த அரசு அமைப்பின் பெயர்ச் சுருக்கம். நடுவில் உள்ள 67 நிதியாண்டு. அப்போதைய கணக்கில் 1966 ஜூலை முதல் 1967 ஜூன் வரை. அது ஒப்பந்தம் போட்ட காலம் மட்டுமே. தைத்து, கப்பலேற்றி, சிப்பாய் உடுத்த இன்னும் பல மாதங்களைக் கூட்டிக்கொள்ளுங்கள். எழுத்துகள் அந்த அமைப்பின் புதிய பெயரான 'டிஎல்ஏ' என்றிருந்தால் 1977 அல்லது அதற்குப் பிந்தையது. அதை வியட்நாமில் உடுத்தியது என்று விற்பவரிடம் பேரம் பேசுவதே வீண்.