‘அசோசியேட்’ தடுக்கும் இடங்கள்

தனுஷ்கோடி என்றாலே 1964 டிசம்பர் புயல். பாம்பன் என்றாலே பாலம். ஒன்றைச் சொன்னதும் இன்னொன்று மனதில் வந்து நிற்பதைச் சொல்ல ஆங்கிலத்தில் இருக்கும் வினை ‘அசோசியேட்’. வினைக்குப் பின் முதல் பொருள், பிறகு ‘வித்’, பிறகு இரண்டாவது பொருள்: ‘பீப்பிள் அசோசியேட் தனுஷ்கோடி வித் தி சைக்ளோன்.’

முதல் பொருளை விழுங்கிவிடுவதுதான் பெரிய தவறு. நேர்காணலில், “வாட் டு யூ அசோசியேட் வித் ராமேஸ்வரம்?” என்று கேட்டால், “ஐ அசோசியேட் வித் தி ஸீ” என்று பதில் சொல்லிவிடுவோம். தமிழில் ‘அதை’ என்று தனியாகச் சொல்லாமலே புரியும். ஆங்கிலத்தில் ‘இட்’ விட்டுப்போனால் பொருளே மாறும். நடுவில் எதுவும் இல்லாமல் ‘அசோசியேட் வித்’ என்றால் ஒருவரோடு பழகுவது, அதுவும் பெரும்பாலும் ஆகாத சகவாசம். கடலோடு எனக்குச் சகவாசம் என்றாகிவிடும். மண்டபம் மீனவருக்கு அது பொருந்தலாம், ஆனால் கேட்ட கேள்வி அதுவல்ல. “ஐ அசோசியேட் இட் வித் தி ஸீ” என்பதே சரி.

எழுவாயிலும் இதே சறுக்கல். ‘பாம்பன் எனக்குப் பாலத்தை நினைவுபடுத்துகிறது’ என்பதை மனதில் வைத்து, ‘பாம்பன் அசோசியேட்ஸ் மீ வித் தி பிரிட்ஜ்’ என்கிறார்கள். பாம்பன் என்னையும் பாலத்தையும் முடிச்சுப் போடுகிறது என்று அர்த்தம்! ஊரை எழுவாயாக வைக்க வேண்டுமானால் ‘பாம்பன் ரிமைண்ட்ஸ் மீ ஆஃப் தி பிரிட்ஜ்’. ‘அசோசியேட்’டுக்கு, தொடர்புபடுத்தும் ஆள்தான் எழுவாய்.

‘லிங்க்’, ‘கனெக்ட்’ இரண்டும் ‘டு’வை ஏற்கும். அந்தப் பழக்கத்தில் ‘அசோசியேட்டட் டு’ என்று எழுத வேண்டாம். ‘கலாம் இஸ் அசோசியேட்டட் வித் ராமேஸ்வரம்’தான். ‘வித்’துக்குப் பின் வினை வந்தால் ‘இங்’ சேரும்: ‘ஐ அசோசியேட் கீழக்கரை வித் ஈட்டிங் பிரியாணி.’ ‘வித் டு ஈட்’ கிடையாது.

‘ஐ ஆம் அசோசியேட்டிங்’ என்றும் பொதுவாக வராது. மனதில் நிலைத்த தொடர்பு அது, இந்த நிமிடம் நடக்கும் வேலை அல்ல.

உச்சரிப்பில் ஒரு சிறு விஷயம்: வினையின் முடிவு ‘ஏட்’ என்று நீளும். ‘அசோசியேட் புரொஃபசர்’ என்ற பதவிப் பெயரில் அதே எழுத்துகள் ‘அட்’ என்று குறுகும்.