வயது போனவர்களின் மனநலத்தைப் பேணுவது எப்படி

வீட்டிலுள்ள முதியவர் சாப்பாட்டைக் குறைத்தாலோ, நித்திரையின்றித் தவித்தாலோ, கோயிலுக்குப் போவதை நிறுத்திக்கொண்டாலோ, "வயது போனால் அப்படித்தான்" என்று விட்டுவிடும் வழக்கம் திருகோணமலையில் இன்னும் இருக்கிறது. இதைத்தான் முதலில் கைவிட வேண்டும். மனச்சோர்வு முதுமையின் இயல்பன்று. சிகிச்சையால் மாறக்கூடிய நோய். மனம் சரியில்லை என்று முதியவர்கள் வாய்விட்டுச் சொல்வது குறைவு. கை கால் உளைவு, வயிற்றுக் கோளாறு என்றே பெரும்பாலும் முறையிடுவார்கள்.

ஆட்களோடு கதைக்காமல் ஒதுங்குபவருக்குக் காது மந்தமா, கண்ணில் வெண்புரையா என்று பாருங்கள். கேட்காத ஒருவர் சபையில் இருந்தும் தனியாகவே இருக்கிறார்.

அன்பின் பெயரால் எல்லாப் பொறுப்பையும் அவரிடமிருந்து வாங்கிவிடாதீர்கள். காலையில் மீன் தெரிந்து வாங்குவதும், வளவுக் கன்றுகளுக்குத் தண்ணீர் விடுவதும், பேரப்பிள்ளைக்குத் தேவாரம் சொல்லிக்கொடுப்பதும் அவருடைய வேலைகளாகவே இருக்கட்டும். கனடாவிலோ இலண்டனிலோ இருக்கும் பிள்ளைகள் ஒரே நேரத்தில் தவறாமல் அழைப்பது நல்லது. மருந்து குடித்தாரா என்று மட்டும் விசாரிக்காமல், காணி, கலியாணம் போன்ற குடும்பக் காரியங்களில் அவருடைய யோசனையையும் கேட்க வேண்டும்.

1990 இன் இடப்பெயர்வையும், 2004 இன் ஆழிப்பேரலையையும், 2006 இல் மூதூர், சம்பூர்ப் பகுதிகளை விட்டு ஓடிய நாட்களையும் கண்டவர்கள் நம் முதியவர்கள். அவற்றைக் கிண்டிக் கேட்க வேண்டாம். அவராகச் சொல்லத் தொடங்கினால், "அதை விடுங்கோ" என்று மறிக்காமல், முன்பே கேட்ட கதையானாலும் முழுவதும் கேளுங்கள். இதற்கு ஒதுக்கும் நேரத்தை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன்.

சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். தைரொய்ட் குறைபாடும், விற்றமின் பி12 குறைபாடும், சில மருந்துகளும் இதே குறிகளைக் காட்டக்கூடும் என்பதால், குடிக்கும் மாத்திரைகள் அனைத்தையும் கொண்டுசெல்வது அவசியம். ஓரிரு நாளுக்குள் திடீரென்று ஆளுக்குப் புத்தி தடுமாறினால் கிருமித்தொற்று காரணமாக இருக்கலாம். அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். மனச்சோர்வு மருந்து பலன் காட்டச் சில வாரங்கள் எடுக்கும். இடையில் தாமாக நிறுத்தக் கூடாது.

"இருந்து என்ன பயன்" என்று அவர் சொன்னால், சாக நினைக்கிறாரா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகிவிடாது. அவரைத் தனியே விடாமல், பூச்சிமருந்தையும் மிகுதி மாத்திரைகளையும் அப்புறப்படுத்திவிட்டு, தேசிய மனநல உதவி இலக்கமான 1926 ஐ அழையுங்கள்.