காப்பி ஆகும்போது வெளி டிஸ்க் காணாமல் போகிறதா? லினக்ஸ் கெர்னலில் இதைப் பாருங்கள்

பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் கல்யாண வீடியோ எடுக்கிற ஸ்டுடியோக்காரர்கள் சிலர் லினக்ஸில் வேலை பார்க்கிறார்கள். அவர்களிடமிருந்து அடிக்கடி வரும் புகார் இது: "தம்பி, காப்பி நல்லாதான் ஓடுது, திடீர்னு நின்னுடுது, அப்புறம் டிஸ்க்கே காணோம்." பக்கத்தில் இருப்பவர் உடனே "டிஸ்க் போச்சு, ஃபார்மட் அடி" என்பார். தயவுசெய்து அடிக்காதீர்கள். அடுத்தவர் வீட்டுக் கல்யாணம் அதில் இருக்கிறது. பல நேரம் டிஸ்கில் ஒரு குறையும் இருக்காது. டிஸ்கைப் போட்டிருக்கிற கேஸுக்குள், டிஸ்கையும் யுஎஸ்பியையும் இணைக்கிற ஒரு பிரிட்ஜ் சிப் உண்டு, அதற்கும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் இருக்கிற டிரைவருக்கும்தான் ஒத்துப்போகாமல் இருக்கும்.

எதையும் மாற்றுவதற்கு முன்னால் கெர்னல் என்ன சொல்கிறது என்று படியுங்கள். டெர்மினலைத் திறந்து 'சூடோ டிமெஸ்ஜி -டபிள்யூ' கொடுத்தால் கெர்னல் எழுதுகிற ஒவ்வொரு வரியும் உடனுக்குடன் ஓடும். அதை ஒரு பக்கம் ஓடவிட்டு, இன்னொரு பக்கம் பெரிய ஃபைல் ஒன்றை காப்பி போடுங்கள். நிற்கிற நொடியில் முதலில் வருகிற வரிதான் முக்கியம். அதற்குப் பிறகு கொட்டுகிற ஐ/ஓ எரர் எல்லாம் அதன் விளைவு.

முதல் வரியே 'யுஎஸ்பி டிஸ்கனெக்ட்' என்றால் கேபிளையோ கரண்டையோ சந்தேகப்படுங்கள். 2.5 இன்ச் டிஸ்க் போர்ட்டிலிருந்துதான் கரண்ட் எடுக்கும். யுஎஸ்பி 3 போர்ட் 900 மில்லி ஆம்பியர் வரை தரும், யுஎஸ்பி 2 போர்ட் 500தான். அதனால் ஹப்பைக் கழற்றிவிட்டு, கேபினட்டின் பின்பக்கப் போர்ட்டில் குட்டைக் கேபிளால் நேராக மாட்டிப் பாருங்கள். காசிமேடு, எண்ணூர் மாதிரி கடலை ஒட்டிய இடமென்றால் உப்புக்காற்றில் போர்ட்டின் உள்தகடு பச்சை பூத்திருக்கிறதா என்று டார்ச் அடித்தும் பாருங்கள். 'கிரிட்டிக்கல் மீடியம் எரர்' என்று வந்தால் கதை வேறு, டிஸ்கே கெட்டுக்கொண்டிருக்கிறது. அங்கேயே நிறுத்திவிட்டு, டிடிரெஸ்க்யூ என்கிற மீட்பு மென்பொருள் மூலம் மொத்தத்தையும் இன்னொரு டிஸ்குக்கு எடுங்கள். டிரைவர் பக்கம் போகவே வேண்டாம்.

'யுஏஎஸ்_ஈஎச்_அபார்ட்_ஹேண்ட்லர்' என்று ஒரு வரி, அதைத் தொடர்ந்து 'ரீசெட் சூப்பர்ஸ்பீட் யுஎஸ்பி டிவைஸ்' என்று திரும்பத் திரும்ப வருகிறதா? இந்தக் கட்டுரை அதற்குத்தான்.

யுஎஸ்பி டிஸ்குக்கு லினக்ஸில் இரண்டு டிரைவர்கள் உண்டு. பழையது யுஎஸ்பி-ஸ்டோரேஜ், அது ஒரு கட்டளை கொடுத்து, அது முடிந்த பிறகுதான் அடுத்ததைக் கொடுக்கும். புதியது யுஏஎஸ், 2014இல் கெர்னல் 3.15இலிருந்து ஒழுங்காகப் புழக்கத்துக்கு வந்தது. பல கட்டளைகளை ஒரே நேரத்தில் வரிசையில் போட்டுவிடும், அதனால் வேகம். ஆனால் மின்ட் தெரு டீக்கடையில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் ஆர்டர் சொன்னால் புது மாஸ்டர் திகைத்து நிற்கிற மாதிரி, சில மலிவு பிரிட்ஜ் சிப்புகள் இந்த வரிசையைத் தாங்காமல் உறைந்துவிடும். கெர்னல் பொறுத்துப் பார்த்து ரீசெட் அடிக்கும், அதுவும் பலிக்காவிட்டால் டிஸ்கைக் கைவிட்டுவிடும்.

'எல்எஸ்யுஎஸ்பி -டி' (lsusb -t) கொடுத்தால் எந்த டிரைவர் பிடித்திருக்கிறது என்று தெரியும். யுஏஎஸ் என்று இருந்தால், வெறும் 'எல்எஸ்யுஎஸ்பி' கொடுத்து அந்தக் கேஸின் ஐடியைக் குறித்துக்கொள்ளுங்கள், 1234:5678 மாதிரி இருக்கும். முதலில் தற்காலிகமாகச் சோதிப்போம். சிஸ் ஃபோல்டருக்குள் மாட்யூல், யுஎஸ்பி_ஸ்டோரேஜ், பாராமீட்டர்ஸ் என்று போனால் குவர்க்ஸ் (quirks) என்று ஒரு ஃபைல் இருக்கும், எந்த டிஸ்கைத் தனியாக நடத்த வேண்டும் என்று சொல்கிற இடம் அது. அதில் 1234:5678:யு (u) என்று எழுத வேண்டும், 'யு' என்றால் இந்தக் கேஸுக்கு யுஏஎஸ் வேண்டாம் என்று அர்த்தம். சூடோ எக்கோ போட்டு அம்புக்குறியால் தள்ளினால் அனுமதி இல்லை என்று வரும், எக்கோவின் வெளியீட்டை 'சூடோ டீ' வழியாக அனுப்புங்கள். அப்புறம் டிஸ்கை அன்மவுன்ட் செய்து கழற்றி மறுபடி மாட்டினால் பழைய டிரைவர் பிடித்துக்கொள்ளும். அதே பெரிய ஃபைலை மறுபடி காப்பி போடுங்கள்.

நிற்காமல் ஓடி முடிந்தால் நிரந்தரமாக்கலாம். ஈடிசிக்குள் மோட்ப்ரோப்.டி ஃபோல்டரில் கான்ஃப் என்று முடிகிற ஒரு ஃபைல் திறந்து, 'ஆப்ஷன்ஸ் யுஎஸ்பி-ஸ்டோரேஜ் குவர்க்ஸ்=1234:5678:யு' என்று எழுதி, டெபியன், உபுண்டு என்றால் 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு' ஓட்டி ரீபூட் செய்யுங்கள். மொத்த யுஏஎஸ் டிரைவரையும் பிளாக்லிஸ்ட் செய்யச் சொல்லி நிறையப் பேர் யோசனை கொடுக்கிறார்கள், அது வேண்டாம். ஒழுங்காக ஓடுகிற மற்ற டிஸ்குகளின் வேகமும் சேர்ந்து போகும். இன்னொன்று, டிஸ்கின் உடல்நிலையைப் பார்க்கிற ஸ்மார்ட்சிடிஎல் ஓட்டும்போது மட்டும் டிஸ்க் தொங்குகிறதென்றால் 'யு' தேவையே இல்லாமல் இருக்கலாம். அதன் இடத்தில் 'டி' (t) போட்டுப் பாருங்கள், அது ஸ்மார்ட்சிடிஎல் அனுப்புகிற மாதிரியான ஏடிஏ கட்டளைகளை மட்டும் தடுக்கும், யுஏஎஸ் வேகம் அப்படியே இருக்கும்.

இத்தோடு நிறுத்தினால் உங்கள் மிஷின் மட்டும்தான் சரியாகும். அதே கேஸை பர்மா பஜாரில் வாங்கிய இன்னொருவர் நாளைக்கு டிஸ்கை ஃபார்மட் அடித்துக்கொண்டிருப்பார். வியாசர்பாடி, பெரம்பூர் பக்கம் கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைகளிடம் நான் கேட்பது இதைத்தான்: தீர்வைக் கெர்னலுக்கே அனுப்புங்கள். சோர்ஸில் டிரைவர்ஸ், யுஎஸ்பி, ஸ்டோரேஜ் என்று உள்ளே போனால் 'அன்யூஷுவல்_யுஏஎஸ்.எச்' என்று ஒரு ஃபைல். இப்படித் தகராறு செய்கிற கேஸ்களின் பட்டியல்தான் அது. வெண்டர் ஐடி வரிசை கெடாமல், உங்கள் கேஸுக்கு ஒரு பதிவு சேர்த்து, யுஏஎஸ்ஸைத் தவிர்க்கிற ஃப்ளாக் போடுங்கள். கம்பைல் செய்து அந்தக் கெர்னலில் பூட் ஆகி, மோட்ப்ரோப்.டியில் நீங்கள் எழுதிய குவர்க்ஸ் வரியை எடுத்துவிட்டுச் சோதியுங்கள். 'செக்பேட்ச்' ஸ்கிரிப்ட் குறை சொல்வதை நிறுத்தும் வரை திருத்துங்கள். யாருக்கு அனுப்புவது என்பதை 'கெட்_மெயின்டெய்னர்' ஸ்கிரிப்ட் சொல்லிவிடும். உங்கள் பெயரில் சைன்ட்-ஆஃப்-பை வரி, அதாவது இதை அனுப்ப உங்களுக்கு உரிமை உண்டு என்கிற கையெழுத்து, கட்டாயம். மெயில் வெறும் டெக்ஸ்டாகப் போகட்டும், 'கிட் சென்ட்-இமெயில்' அதைப் பார்த்துக்கொள்ளும். நின்ற நொடியின் டிமெஸ்ஜி வரிகளையும் சேர்த்து எழுதினால் படிப்பவர் உங்களிடம் திரும்பக் கேட்க வேண்டியிருக்காது.

பழைய கெர்னலில் நன்றாக ஓடி, அப்டேட்டுக்குப் பிறகுதான் கெட்டதென்றால் குவர்க் போட்டு மறைக்காதீர்கள். 'கிட் பைசெக்ட்' ஓட்டுங்கள், நடுவில் வந்த மாற்றங்களைப் பாதிப் பாதியாகப் பிரித்துத் தேடும் கருவி அது. 1000 மாற்றங்கள் நடுவில் இருந்தாலும் சுமார் 10 முறை கம்பைல் செய்தால் கெடுத்த மாற்றம் கையில் வந்துவிடும். அதைக் குறிப்பிட்டு எழுதினால் சரிசெய்பவருக்குப் பாதி வேலை மிச்சம்.

திருத்தி அனுப்பு என்று பதில் வந்தால் சோர்ந்துவிடாதீர்கள், எல்லோருக்கும் வருவதுதான். தலைப்பில் வி2 என்று போட்டு, என்ன மாற்றினீர்கள் என்பதை பேட்ச் மெயிலில் வருகிற மூன்று கோட்டுக்கு (---) கீழே எழுதி மறுபடி அனுப்புங்கள்.