கார்லோவி வாரியில் ஊற்றுநீர் குடிக்கும் முன்

பென்னாகரம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவள் நான். ஃப்ளோரைடு கறை இன்றும் என் முன்பற்களில் இருக்கிறது. தண்ணீரில் கரைந்திருப்பது எலும்பு வரை போகும் என்று தர்மபுரிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே, செக் நாட்டில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பார்க்கப் போய், அப்படியே வெந்நீர் ஊற்றுகளுக்குப் பெயர்போன கார்லோவி வாரி நகருக்கும் போகிற நம் ஊர்ப் பெற்றோருக்கு முதலில் இதைச் சொல்கிறேன்: தீர்த்தமலையில் இராமர் தீர்த்தத்தைக் கையில் ஏந்திக் குடிப்பதுபோல் அங்கே குடித்துவிடாதீர்கள்.

ப்ராகிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். காலை உணவுக்கு முன் குடிப்பதே அங்குள்ள வழக்கம் என்பதால் ஓர் இரவாவது தங்குங்கள்.

இறங்கியதும் ஒரு பீங்கான் கோப்பை வாங்குங்கள். தட்டையான கோப்பை, அதன் கைப்பிடியே குழாய். அந்தக் குழாயில் உதடு வைத்துத்தான் உறிஞ்ச வேண்டும். தாதுக்கள் பல்லில் படாமல் இருக்க இந்த ஏற்பாடு என்கிறார்கள். வாய் சுடாமல் சிறிது சிறிதாக இறங்குவதும் இதனால்தான். ஊற்றுகளில் பிடித்துக் குடிக்கக் காசு வேண்டாம்.

1881-இல் கட்டி முடித்த மில் மண்டபத்தில் தொடங்குங்கள். 124 தூண்கள், உள்ளே ஐந்து ஊற்றுகள். கோப்பையில் கால்வாசி பிடித்து, தூண்களுக்கிடையே நடந்துகொண்டே குடியுங்கள். உப்பும் இரும்பும் கலந்த சுவை. அதிகம் குடித்தால் பேதியாகும்; பேதியை உண்டாக்கும் சோடியம் சல்பேட் அதில் இருக்கிறது. இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒரு வாய்கூடக் குடிக்க வேண்டாம். என் கணவரைக் கோப்பையைத் தொடவே நான் விடவில்லை.

பிறகு வ்ரீட்லோ என்ற பீறிடும் ஊற்றைப் பாருங்கள். சுமார் 73 டிகிரி வெந்நீர், கரியமில வாயுவின் அழுத்தத்தால் 12 மீட்டர் உயரம் வரை பீறிடுகிறது. அருகில் நின்றால் மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படியும். நான் வெகுநேரம் நகரவில்லை.

ஊருக்குப் பாட்டிலில் பிடித்து வராதீர்கள். ஆறினால் வாயு போய்விடும், தாதுக்கள் அடியில் படிந்துவிடும். அதற்குப் பதில் கல் ரோஜா வாங்கலாம். காகித ரோஜாவை அந்த நீரில் நனையவிட்டே பழுப்புக் கல்லாக்குகிறார்கள். இதழை நகத்தால் தடவினால், எங்கள் வீட்டு வெந்நீர் அண்டாவின் அடியில் படியும் உப்புக் காரையின் அதே சொரசொரப்பு. எளிதில் உடையும், துண்டில் சுற்றிக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.