உண்ணியை ஒழிக்க நாயை மட்டும் பார்த்தால் போதாது

நாயின் காதுமடலைப் புரட்டி உண்ணிகளைப் பிடுங்கிக் கொன்றவர்களே, சில நாள்களில் அதே காதில் மறுபடியும் அவற்றைக் காண்பது குமரி மாவட்டத்து வீடுகளில் வழக்கமான காட்சி. கண்ணில் படுவது கூட்டத்தில் ஒரு சிறு பகுதிதான். ரத்தம் குடித்துச் சிற்றாமணக்கு விதைபோல் பருத்த பெண் உண்ணி, நாயை விட்டிறங்கி, கூட்டின் பலகை இடுக்கிலோ பூசாத மதிலின் வெடிப்பிலோ ஆயிரக்கணக்கில் முட்டையிட்ட பிறகே சாகும். அம்முட்டைகளிலிருந்து வரும் குஞ்சுகள் மறுபடியும் நாயைத் தேடும்.

ஆகவே நாய்க்கு மருந்திடும் நாளிலேயே அது படுக்கும் இடத்தையும் கவனிக்க வேண்டும். சாக்கையும் துணியையும் கொதிநீரில் அலசி வெயிலில் காயப்போட்டு, சுவர் வெடிப்புகளைச் சிமெண்டால் அடைத்து, விறகுப்புரையைக் கூட்டிப் பெருக்கி, கால்நடை மருத்துவர் சொல்லும் பூச்சிமருந்தை இடுக்குகளில் தெளிக்க வேண்டும். மருந்து முட்டையை முழுதாக அழிப்பதில்லை. உண்ணியோ இரையின்றிப் பல மாதம் உயிரோடிருக்கும். எனவே இரண்டு மூன்று மாதங்களாவது இதைத் தொடர வேண்டும். பெரும்பாலானோர் முதல் வாரத்தோடு நிறுத்திவிடுகிறார்கள், அங்கேதான் தோற்கிறோம்.

பிடரியில் விடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்து ஏறத்தாழ ஒரு மாதம் பயன் தரும். ஃப்ளூரலானர் மாத்திரை ஏறத்தாழ 12 வாரம். அளவு நாயின் எடையைப் பொறுத்தது. குட்டிக்கும் வலிப்பு உள்ள நாய்க்கும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் கொடுக்கக் கூடாது. மாட்டுக்கு வாங்கிய மருந்தை நாய்மேல் ஊற்றுவது ஆபத்து. பெர்மெத்ரின் கலந்த நாய்மருந்து பூனையின் உயிருக்கே உலை வைக்கும்.

விளையிலும் ரப்பர் தோட்டத்திலும் சுற்றிவரும் நாயை அன்றன்றே காதினுள், கால்விரலிடுக்கில், கழுத்துப்பட்டையின் அடியில் தடவிப் பார்க்க வேண்டும். ஒட்டிய உண்ணியைக் கூர்முனைச் சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து, திருகாமல், நிதானமாக நேரே இழுத்து, சோப்புநீரிலோ மருத்துவ ஸ்பிரிட்டிலோ போட வேண்டும். மண்ணெண்ணெய் தடவுவதும் தீக்குச்சியால் சுடுவதும் நம் ஊரின் பழைய கைவைத்தியம், இரண்டும் வேண்டாம். விரலால் நசுக்கவும் வேண்டாம். நாய் உணவைத் தவிர்த்து, ஈறு வெளுத்து, சிறுநீர் கட்டன்காப்பி நிறத்தில் போனால் அது உண்ணியால் பரவும் பபீசியா என்னும் ரத்த நோயாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

நாயோடு தரையில் உருளும் குழந்தைகளுக்குக் குளிக்கும்போது தலைமுடி, காதின் பின்புறம், அக்குள், இடுப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். செய்தித்தாள்கள் 'உண்ணிக் காய்ச்சல்' என்று எழுதும் ஸ்க்ரப் டைஃபஸ் நாயுண்ணியால் வருவதன்று. புதரில் வாழும் ஒருவகைச் சிறு பூச்சியின் குஞ்சு கடிப்பதால் வருவது. நாயுண்ணியால் பரவக்கூடியது இந்திய உண்ணி டைஃபஸ் என்னும் வேறொரு காய்ச்சல். இரண்டுக்கும் டாக்ஸிசைக்ளின் நல்ல மருந்து என்றாலும், மருத்துவர் சொல்லாமல் உட்கொள்ளக் கூடாது. உண்ணி கடித்த இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலோ, உள்ளங்கை, உள்ளங்காலில் செம்புள்ளிகளோ, கடித்த இடத்தில் கருத்த பொருக்கோ தோன்றினால், வீட்டில் நாய் உண்டு, உண்ணி கடித்தது என்பதை மருத்துவர் கேட்குமுன் நாமே சொல்லிவிட வேண்டும்.