தோட்டப்புற ஊரில் ஸ்டூடியோ வைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டங்கள் சூழ்ந்த ஊரில் ஸ்டூடியோ வைத்தால் ஒரே வகை வேலையை நம்பிப் பிழைப்பது கஷ்டம். காலையில் கடப்பிதழ் படம், அப்புறம் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மெனு படம், மத்தியானம் செம்பனை (பாமாயில்) ஆலை, சாயங்காலம் பாலர் பள்ளிப் பட்டமளிப்பு, இதற்கு நடுவில் யாராவது பழைய படம் ஒன்றைக் கொண்டுவந்து பெரிதாக்கித் தரச் சொல்வார்கள். ஒரு கேமராவும் இரண்டு ஃபிளாஷும் இருந்தால் இத்தனையும் செய்துவிடலாம். ஆனால் எடுக்கிற படம் எங்கே போகப்போகிறது, எந்த அளவில் அச்சாகும், யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்காமலே எடுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். நான் பார்க்கிற தவறுகளில் முக்கால்வாசி அங்கிருந்துதான் கிளம்புகிறது.

கடப்பிதழ் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மலேசியக் கடப்பிதழுக்கு 35க்கு 50 மில்லிமீட்டர், வெள்ளைப் பின்னணி. அமெரிக்க விசாவுக்கு இரண்டு அங்குலச் சதுரம், அதிலும் 2016 நவம்பரிலிருந்து மூக்குக்கண்ணாடி போட்ட படத்தை அவர்கள் ஏற்பதில்லை. 'பாஸ்போர்ட் சைஸ்' என்று காதில் விழுந்ததும் எல்லாருக்கும் ஒரே அளவில் வெட்டிக் கொடுத்தால், பாவம், அந்த மனிதர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஈப்போவுக்குப் போய், படம் செல்லாது என்று திரும்பி வருவார். எந்த நாட்டுக்கு, எந்தப் பாரத்துக்கு என்று முதலில் கேளுங்கள். வெள்ளைச் சட்டையோடு வருபவருக்குக் கொடுக்க ஸ்டூடியோவில் ஒரு கறுப்புக் கோட்டு தொங்கட்டும், இல்லையென்றால் தோள் பின்னணியோடு கரைந்துவிடும்.

இதைவிட எனக்கு வருத்தமான விஷயம் முகத்தின் நிறம். வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஒருவரை நிற்க வைத்தால், கேமரா அந்த வெளிச்சத்தைப் பார்த்து மொத்தப் படத்தையும் இருட்டாக்கும், முகம் இன்னும் கறுத்துப்போகும். அதைச் சரிசெய்கிறேன் என்று கணினியில் முகத்தை மட்டும் வெளுத்துக் கொடுக்கிறார்கள். செய்ய வேண்டியது அதுவல்ல. ஆளைச் சுவரிலிருந்து ஒன்றரை மீட்டராவது முன்னால் கொண்டுவந்து, பின்னணிக்குத் தனி விளக்கு போட்டு, வெளிச்ச அளவை முகத்தில் பார்த்து வைத்து எடுங்கள். நம் ஆட்களின் நிறம் திருத்தவேண்டிய குறை இல்லை, அது அப்படியே வரவேண்டும்.

பள்ளிக் கூட்டப் படத்தில் அச்சு அளவு காலை வாரிவிடும். பெரும்பாலான கேமராக்கள் எடுப்பது 3க்கு 2 விகிதம். 4ஆர், அதாவது 4க்கு 6 அங்குல அச்சு, அதற்குச் சரியாகப் பொருந்தும். ஆனால் பள்ளிகள் கேட்கும் 8ஆர் என்பது 8க்கு 10 அங்குலம், அகலவாட்டில் எடுத்த படத்தில் இரண்டு பக்கமும் வெட்டுப்படும். ஓரம் வரை பிள்ளைகளை நிறுத்தி அழகாக எடுத்துவிட்டு, கடைசியில் ஓரத்தில் நின்ற பிள்ளைக்குப் பாதி முகம்தான் மிஞ்சும். அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது? இரு பக்கமும் தாராளமாக இடம் விடுங்கள், இல்லை 8க்கு 12 அங்குலத்தில் அச்சடிக்கலாமா என்று பள்ளியிடம் முன்கூட்டியே பேசுங்கள். மண்டபத்துக்குள் டியூப் லைட் என்றால் இன்னொன்று: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டரை வேகமாக வைத்தால் படத்துக்குப் படம் நிறம் மாறும், பட்டை பட்டையாக விழும். அதனால் 1/100 அல்லது 1/50 விநாடியில் வையுங்கள்.

சாப்பாட்டுப் படத்தில் விளக்கு சரிசெய்யும் முன்பே உணவைக் கொண்டுவரச் சொல்வது பெரிய தவறு. கறி ஆறினால் மேலே ஆடை படியும், அப்பளம் நம் காற்றின் ஈரத்துக்குச் சீக்கிரமே நமுத்துப்போகும். காலித் தட்டை வைத்து எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டுக் கறியைக் கேளுங்கள், அப்பளம் கடைசியாக வரட்டும். ஜன்னல் வெளிச்சத்தில் எடுப்பதாக இருந்தால் கடையின் டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள், இரண்டும் கலந்தால் சோறு ஒரு பக்கம் நீலமாகவும் ஒரு பக்கம் பச்சையாகவும் தெரியும்.

செம்பனை ஆலைக்குப் போனால் தொழிலாளி தலைக்கவசம், பாதுகாப்புக் காலணி இல்லாமல் நிற்கும் படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் நிறுவனம் அதை அறிக்கையில் போடாது. குளிர்சாதன அறையிலிருந்து கேமராவை நேராக வெளியே எடுத்தால் லென்சில் பனி படர்ந்துவிடும், ஒரு மூடிய பையில் வைத்தபடியே சூடேற விடுங்கள். வீட்டு அலமாரியில் லென்சைப் போட்டு வைப்பதும் வேண்டாம், பூஞ்சை பிடிக்கும். ஈரப்பதம் 40, 50 விழுக்காட்டுக்குள் நிற்கும் உலர்பெட்டி ஒன்று வாங்கிவிடுங்கள். தோட்டத்துக்கு மேலே டிரோன் விட்டுப் படம் எடுக்கச் சொன்னால், அனுமதி விஷயத்தை முதலில் மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் கேட்டு முடியுங்கள், அதற்கு அப்புறம் விலை பேசலாம்.

இனி அந்தப் பழைய படம். 16ஆம் நாள் காரியத்துக்குப் பாட்டியின் படம் வேண்டும் என்று வருவார்கள். கையில் இருப்பது பழைய ஐசிக்கு (அடையாள அட்டைக்கு) எடுத்த படமாகவோ, யாரோ ஒருவர் கல்யாணத்தில் பின்வரிசையில் நின்ற முகமாகவோ இருக்கும், கட்டைவிரல் நகம் அளவுதான். இப்போது பலர் அதைச் செயற்கை நுண்ணறிவு மென்பொருளில் போட்டு ஒரே சொடுக்கில் தெளிவாக்கிவிடுகிறார்கள். தெளிவாகத்தான் வருகிறது, ஆனால் அது வேறு யாரோ ஒரு பாட்டி. படத்தில் விவரம் இல்லாத இடத்தை மென்பொருள் தன் இஷ்டத்துக்கு நிரப்பும்: வெற்றிலைக் கறை படிந்த பல் வெள்ளையாகும், மூக்குத்தி மறையும், தண்டட்டி போட்டுத் தொங்கிய காது சின்னதாகிவிடும். துக்கத்தில் இருக்கும் மகள் 'இது அம்மா மாதிரி இல்லையே' என்று சொல்லச் சங்கடப்பட்டு அதையே வாங்கிப்போவார். வருஷக்கணக்கில் அந்தப் படத்துக்குத்தான் மாலை போடுவார்கள்.

அதனால் பொறுமையாகச் செய்யுங்கள். கைப்பேசியில் பிடிக்காமல் 1200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) ஸ்கேன் செய்தால் 3 சென்டிமீட்டர் அகலப் படத்திலிருந்து சுமார் 1400 பிக்சல் கிடைக்கும். அதே ஆளின் வேறு படங்கள் இருந்தால் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கண்ணும் தாடையும் எப்படி இருந்தன என்று தெரியும். கீறலையும் கறையையும் எடுங்கள், சுருக்கத்தை விட்டுவிடுங்கள். பெரிய சட்டத்துக்குத் தாங்காது என்றால் 8ஆரே போதும் என்று தைரியமாகச் சொல்லலாம். அச்சுக்கு முன் வீட்டார் ஒருவருக்குக் காட்டுங்கள். ஒரு எச்சரிக்கை: கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்கவே பிய்க்காதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். இரு பக்கமும் 45 பாகையில் விளக்கு வைத்துக் கண்ணாடி மேலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, நம்மில் பலர் தப்பாகவே நினைத்துக்கொண்டிருக்கும் ஒன்று: 'நான் எடுத்த படம், உரிமை எனக்குத்தான்.' மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவுப்படி, ஒருவர் கேட்டு எடுத்துக் கொடுத்த வேலையின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலை கொடுத்தவருக்கே மாறியதாகக் கொள்ளப்படும். புடவைக் கடைக்கு எடுத்த படத்தை உங்கள் பதாகையில் போட்டுக்கொள்ள நினைத்தால் அதை எடுப்பதற்கு முன்பே எழுதி வாங்க வேண்டும். ஒரு பக்கத் தாள் போதும்: படம் எதற்குப் பயன்படும், உரிமை யாருக்கு, ஸ்டூடியோ அதைத் தன் விளம்பரத்தில் காட்டலாமா, கோப்புகளை எத்தனை மாதம் வைத்திருப்பீர்கள், முன்பணம் எவ்வளவு வெள்ளி (ரிங்கிட்). சொந்தக்காரர் கடையாக இருந்தாலும் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.